விமானந்தாங்கிக் கப்பல்: மேல்தளத்தின் வளர்ச்சி

விமானந்தாங்கிக் கப்பல் என்பது, விமானங்கள் ஏறி இறங்கத் தட்டையான மேல்தளமும், அவற்றை நிறுத்திப் பழுதுபார்க்க அடியில் கொட்டகையும் கொண்ட போர்க்கப்பல். ஏறும் விமானம், இறங்கும் விமானம், நிற்கும் விமானம் மூன்றும் ஒரே சிறு தளத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடிதான் நூறாண்டுகளாக இதன் உருவத்தைத் தீர்மானித்து வருகிறது.

1910 நவம்பரில் அமெரிக்க விமானி யூஜின் எலி, பர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பலின் முன்புறத்தில் அமைத்த மரமேடையிலிருந்து பறந்தார். 1911 ஜனவரியில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா கப்பலில் இறங்கியும் காட்டினார். மேடையின் குறுக்கே, இரு முனையிலும் மணல்மூட்டை கட்டிய கயிறுகள் விரித்திருந்தன; விமானத்தின் கொக்கி அவற்றில் மாட்டி நின்றது. மணல்மூட்டைகள் போய் எந்திரங்கள் வந்துவிட்டாலும், கொக்கியும் குறுக்குக் கம்பியும் இன்றுவரை நீடிக்கின்றன.

பிரிட்டனின் பியூரியஸ் கப்பலுக்கு முதலில் முன்புறம் மட்டுமே தளம் இருந்தது. 1917 ஆகஸ்டில் எட்வின் டன்னிங் அதில் இறங்கி, ஓடும் கப்பலில் இறங்கிய முதல் விமானி ஆனார். சில நாள்களிலேயே மீண்டும் முயன்றபோது கடலில் விழுந்து இறந்தார். பிறகு பின்புறமும் தளம் போட்டார்கள். நடுவே நின்ற புகைபோக்கியும் கட்டுமானமும் காற்றைக் கலக்கிவிட, அங்கே இறங்குவது பெரும் ஆபத்தாயிற்று. 1918இல் வந்த ஆர்கஸில் மேலே எதுவும் துருத்தவில்லை. புகையைக்கூடப் பின்பக்கம் வழியே வெளியேற்றினார்கள். பின்னாளில் வழிநடத்தும் கட்டுமானம் ‘தீவு’ என்ற பெயரில் வலப்பக்க ஓரத்தில் நிலைபெற்றது.

தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் பிரிட்டனின் ஹெர்மிஸ். ஆனால் கட்டிமுடிப்பதில் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டது (1922). ஹெர்மிஸின் முடிவும் ஜப்பானியர் கையில்தான்: 1942 ஏப்ரல் 9 அன்று, தன் விமானங்கள் உடனில்லாத நிலையில், மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானந்தாங்கிகளின் குண்டுவீச்சில் அது மூழ்கியது. 

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தளத்துக்கு எஃகுக் கவசம் போட்டது. அமெரிக்கா மரப்பலகை போட்டு விமானங்களைக் கூட்டியது. 1941 ஜனவரியில் பல குண்டுகள் விழுந்தும் பிரிட்டனின் இலஸ்ட்ரியஸ் மூழ்காமல் தப்பியது. அந்தக் கவசத்துக்கு விலையும் உண்டு: இலஸ்ட்ரியஸ் 36 விமானங்களுக்காக வடிவமைக்கப்பட்ட கப்பல், அமெரிக்காவின் எசெக்ஸ் வகைக் கப்பல்களோ ஏறக்குறைய 90 விமானங்களைச் சுமந்தன.

உண்மையான நெருக்கடி ஜெட் விமானத்தோடு வந்தது. 1945 டிசம்பரில் எரிக் பிரவுன் ஓஷன் கப்பலில் ஜெட்டை இறக்கினார். நேர்த்தளத்தில் கொக்கி தவறினால், முன்னே கட்டிய தடுப்பில் மோத வேண்டும். அதையும் தாண்டினால் நிறுத்தி வைத்த விமானங்கள்மீது விழ வேண்டும். ஜெட்டோ வேகமாக இறங்குவது. அணைத்த விசையை உடனே மீட்கவும் முடியாதது. ரப்பர் மெத்தைபோன்ற தளத்தில் சக்கரமில்லாமல் வயிற்றால் இறக்கும் சோதனைகூட வாரியர் கப்பலில் நடந்தது. இறங்கிய விமானத்தை அகற்றப் பாரந்தூக்கி தேவைப்பட்டதைப் பார்த்தால், அந்த யோசனை கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

விடை எளிதாக இருந்தது. 1951இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டென்னிஸ் கேம்பெல், இறங்கும் பாதையை இடப்புறமாகச் சாய்க்கலாம் என்றார். லூயிஸ் பாடிங்டன் அதை உருப்படுத்தினார். முதலில் டிரையம்ப் கப்பலின் தளத்தில் சாய்கோடு வரைந்து மட்டுமே பார்த்தார்கள். சாய்தளத்தில் கொக்கி தவறினாலும் எதிரே வெறும் கடல்தான். எனவே விமானி தளத்தைத் தொட்டவுடன் விசையைக் குறைப்பதற்குப் பதில் முழுவதுமாகக் கூட்டுகிறார்; கம்பி பிடிக்காவிட்டால் பறந்து, சுற்றி, மறுபடி வருகிறார். வடிவமைப்பு வரலாற்றில் இதற்கு இணையான மாற்றம் வேறில்லை எனலாம். இதே காலத்தில் விமானத்தை உந்தி ஏவும் காலின் மிட்செலின் நீராவிக் கவணும், இறங்கும் கோணத்தைக் காட்டும் நிக்கலஸ் குட்ஹார்ட்டின் ஆடிக்கருவியும் வந்தன. மூன்றுமே பிரிட்டனில் பிறந்தவை. அவற்றால் மிகுதியாகப் பயனடைந்தது அமெரிக்கா.

1961இல் எட்டு அணு உலைகளோடு அமெரிக்காவின் என்டர்பிரைஸ் பணியில் சேர்ந்தது. அதே ஆண்டு இந்தியாவுக்கு விக்ராந்த் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பாதியில் விடப்பட்ட ஹெர்குலிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலே, சாய்தளமும் நீராவிக் கவணும் பெற்று விக்ராந்த் ஆயிற்று. 1971 போரில் கொதிகலன் பழுதோடே வங்காள விரிகுடாவில் இயங்கி, காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது விமானங்களை ஏவியது.

கவண் இல்லாமல் ஏவ இன்னொரு வழி, முன்முனையை மேல்நோக்கி வளைப்பது. பிரிட்டிஷ் கடற்படையின் டக்ளஸ் டெய்லர் முன்வைத்த இந்த ஏற்றவளைவு, பின்னாளில் இந்தியாவின் விராட் ஆன இரண்டாவது ஹெர்மிஸில் 12 பாகைக் கோணத்தில் அமைந்தது. கொச்சியில் கட்டப்பட்டு 2022இல் பணியில் சேர்ந்த புதிய விக்ராந்தும் ஏற்றவளைவில் ஏவி, கம்பியில் பிடிக்கிறது. செலவும் பராமரிப்பும் குறைவு. ஆனால் கவணால் ஏவக்கூடிய அளவு எடையோடு விமானத்தை ஏவ முடியாது.

2017இல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் ஜெரால்டு ஆர். ஃபோர்டு நீராவியைக் கைவிட்டு மின்காந்தக் கவணுக்கு மாறியது. சீனாவின் பூஜியான், அணு உலை இல்லாமலே அதே முறையைக் கையாள்கிறது. மின்காந்தக் கவணில் விசையை விமானத்தின் எடைக்கேற்ப நுட்பமாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், எடை குறைந்த ஆளில்லா விமானங்களையும் அதே தளத்திலிருந்து ஏவ வழி பிறந்திருக்கிறது.