சட்டசபைக்குக் கட்டி, ஆஸ்பத்திரியாகத் திறந்த கதை

2020 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று நாள் கூடியது. கொரோனாக் காலம். ஜார்ஜ் கோட்டையிலுள்ள அவையில் இடைவெளி விட்டு உட்கார இடம் போதாது என்பதால் வாலாஜா சாலையின் கலைவாணர் அரங்கத்துக்குக் கூட்டத்தை மாற்றியிருந்தார்கள். உறுப்பினர்கள் பரிசோதனை செய்துகொண்டு, முகக்கவசத்தோடு வந்து அமர்ந்தார்கள். அந்த அரங்கம் இருக்கும் ஓமந்தூரார் வளாகத்திலேயே, கூப்பிடு தூரத்தில், இவர்கள் உட்காரவென்றே கட்டிய மாபெரும் வட்டக் கட்டடம் ஒன்று நின்றது. அதற்குள் அப்போது கொரோனா நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

மருத்துவமும் கட்சி அரசியலும் தமிழ்நாட்டில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இந்த ஒரு வளாகத்தின் கதை போதும்.

இடம் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர்களுக்குத் தோட்ட வீடாக இது வந்து சேர்ந்தது. திப்பு சுல்தானை வீழ்த்திய வெற்றியைக் கொண்டாட ஆளுநர் எட்வர்ட் கிளைவ் இங்கே ஒரு விருந்து மண்டபம் கட்டினார்; 1802-இல் முடிந்த அந்த மண்டபம்தான் இன்றைய ராஜாஜி அரங்கம். அண்ணா, பெரியார், காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று எத்தனையோ தலைவர்களின் உடல் அதன் படிகளில் கிடத்தப்பட்டு, தமிழகம் வரிசையில் நின்று அழுதிருக்கிறது. 1950-களில் சில ஆண்டுகள் சட்டமன்றமும் இதே வளாகத்தில் கூடியது. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பெயர் பின்னாளில் வளாகத்துக்கு நிலைத்தது. சிபாரிசுக்கு மசியாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். அவர் பெயரைத் தாங்கிய நிலத்தில் பிற்பாடு நடந்த இழுபறியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

2008 நவம்பரில் முதல்வர் கருணாநிதி இங்கே புதிய தலைமைச் செயலகத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அடிக்கல் நாட்டினார். பழைய ஆளுநர் மாளிகை இடிக்கப்பட்டது. ஜெர்மனியின் கட்டடக் கலை நிறுவனம் வரைந்த திட்டம். வட்டங்களாக அடுக்கிய கட்டடம். வேலை ராப்பகலாக நடந்தது. 2010 மார்ச் 13-இல் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். மேலே வரவேண்டிய குவிமாடம் அதற்குள் தயாராகவில்லை. திறப்பு விழாவுக்காக கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகக் குவிமாடம் ஒன்றைச் செய்து ஏற்றினார். விழா முடிந்தது, சபையும் கூடியது, பட்ஜெட்டும் வாசித்தார்கள். ஓராண்டு கழித்துத் தேர்தல்.

2011 மே மாதம் வென்று வந்த ஜெயலலிதா அந்தக் கட்டடத்தில் கால் வைக்கவில்லை. ஜார்ஜ் கோட்டையே போதும் என்று திரும்பிவிட்டார். அந்த ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது: டெல்லி எய்ம்ஸ் தரத்தில் இங்கே பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை.

இதைத் தமிழ் அரசியலின் ஒப்பற்ற காய் நகர்த்தல் என்றே சொல்ல வேண்டும். கட்டடத்தைப் பூட்டிப் போட்டிருந்தால் பழிவாங்கல் என்று ஊரே பேசியிருக்கும். இடித்திருந்தால் பணம் பாழ் என்று வழக்கு வந்திருக்கும். ஏழைக்கு ஆஸ்பத்திரி என்று சொன்ன பிறகு எதிர்த்து நிற்பவர் யார்? வேண்டாம் என்று வாயெடுத்தவரை நோயாளிக்கு எதிரி என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். கூட்ட அரங்குக்கும் அமைச்சர் அறைக்கும் போட்ட கட்டடத்தில் ஆபரேஷன் தியேட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் எப்படிப் பொருந்தும் என்ற நியாயமான கேள்வி அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் இந்தக் காய் இன்னொரு முறை நகர்ந்தது. கோட்டூர்புரத்தில் அதற்கு முந்தைய ஆண்டுதான் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. இம்முறை எழுத்தாளர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் நூலகமாகவே தப்பியது. வாசகர்களுக்கு இருந்த ஆதரவு சட்டமன்றத்துக்கு இல்லை. ஓமந்தூரார் விஷயத்திலும் வழக்குகள் நடந்தன. கடைசியில் அரசின் முடிவே நின்றது. 2014 பிப்ரவரி 21-இல் 400 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. மறு ஆண்டு பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது.

கட்டடம் மட்டுமா? திட்டங்களுக்கும் இதே விதிதான். 2009 ஜூலையில் திமுக அரசு கொண்டுவந்த ‘கலைஞர் காப்பீட்டுத் திட்டம்’ 2011-இல் நின்றது. 2012 ஜனவரியில் ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்’ வந்தது. முந்தையதில் நான்கு ஆண்டுக்குச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம். புதியதில் ஆண்டுக்கே ஒரு லட்சம். ஆக, பொறாமையால் ஏழைக்கு லாபம் என்றும் சொல்லலாம். இடைப்பட்ட மாதங்களில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் காத்திருந்தவர்களிடம் அதைச் சொல்லிப் பார்க்க முடியாது.

அடுத்த சுற்றில் அடி மறுபக்கம் விழுந்தது. 2020 டிசம்பரில் எடப்பாடி பழனிசாமி அரசு 2,000 ‘அம்மா மினி கிளினிக்’ அறிவித்துத் திறக்கத் தொடங்கியது; தேர்தலுக்கு நான்கே மாதம் இருந்தது. ஆட்சி மாறியதும், அது ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடுதான் என்று சொல்லி திமுக அரசு மூடிவிட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது.

ஆனால் எல்லாமே இப்படி ஆட்சிக்கு ஆட்சி செத்துப் பிழைத்தன என்றால் தமிழ்நாட்டின் பொது மருத்துவத்துக்கு இந்தியா முழுக்க இருக்கும் நல்ல பெயருக்குக் காரணம் சொல்ல முடியாது. சத்தமில்லாமல் தொடர்ந்தவையும் உண்டு. 1939-இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1994-இல் ஜெயலலிதா ஆட்சியில் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுதுக்கும் மொத்தமாக மருந்து வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கு வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்புகிறது. 1996-இல் வந்த திமுக அரசு அதைத் தொடவில்லை. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் அதே அச்சில் தங்கள் கழகங்களை வார்த்துக்கொண்டன. 2008-இல் கருணாநிதி ஆட்சியில் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸை ஜெயலலிதா நிறுத்தவில்லை, பெருக்கினார். எண்ணுக்குக் கட்சி கிடையாதே! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவியைப் பாருங்கள். 2006-இல் திமுக 6,000 ரூபாய் ஆக்கியது. 2011-இல் அதிமுக 12,000 ஆக்கியது. பிறகு 18,000 ஆனது. அந்த அம்மையாரின் பெயரை அழிக்க எவருக்கும் தோன்றவில்லை. கிடங்கிலிருந்து வரும் பாராசிட்டமால் அட்டையில் எந்தத் தலைவர் முகமும் இல்லை. அதுவே அதன் ஆயுளைக் காத்தது என்று நினைக்க இடமிருக்கிறது.

2021-இல் திமுக ஆட்சிக்கு வந்தபோது சட்டமன்றம் ஓமந்தூராருக்குத் திரும்புமா என்ற பேச்சு கிளம்பியது. திரும்பவில்லை. ஏழாண்டில் அந்த இடம் ஏழைகளின் ஆஸ்பத்திரியாக ஊன்றிவிட்டது. ஜெயலலிதா வைத்த அதே பொறி இப்போது மறுபக்கத்தையும் கட்டிப்போட்டது. நோயாளியை எழுப்பிவிட்டு உறுப்பினரை உட்கார வைப்பது யாரால் முடியும்? மாற்றாக, கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் 1,000 படுக்கைகளோடு ‘கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை’ எழும்பி, 2023 ஜூன் 15-இல் திறந்தது.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி இருந்தது. 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்து, அவர் உடலை ராஜாஜி அரங்கத்தில் வைத்திருந்தபோது, அண்ணா சாலையில் நின்ற கருணாநிதியின் சிலையை ஆத்திரக் கூட்டம் உடைத்தது. அந்தச் சாலையோரம் அவருக்கு மறுபடி சிலை அமைய முப்பத்து நான்கு ஆண்டு பிடித்தது. 2022 மே 28-இல் குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு திறந்துவைத்த அந்த 16 அடி வெண்கலச் சிலை நிற்பது ஓமந்தூரார் வளாகத்தில்தான், அவர் சட்டசபைக்கென்று கட்டி, அவர் எதிரி ஆஸ்பத்திரியாகத் திறந்த அதே கட்டடத்தின் அருகில்.