மிதிவண்டியும் மரத்த விரல்களும்

செஞ்சிக்கு வருவோர் இராஜகிரியை அண்ணாந்து நோக்குவர். அதன் அடிவாரச் சாலைகளில் மிதிவண்டியேறிப் பள்ளி செல்லும் மாணவருள் சிலரோ, இறங்கியதும் கைகளை உதறிக்கொள்வர். சுண்டுவிரலும் அதனையடுத்த மோதிரவிரலும் மரத்திருக்கும். தேர்வு நாளில் பேனா பிடிக்கவேண்டிய கை அது, அற்பமென்று தள்ளிவிடலாகாது.

மாணவர்களே! இத்துன்பத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1817ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டிக்கு மிதிகட்டையே இல்லை. காலால் தரையை உந்தவேண்டும். ஆனால் முன்கைகளைச் சாய்த்துக்கொள்ள ஒரு பலகை இருந்தது! பின்வந்த வண்டிகளில் அப்பலகை மறைந்தது. உடலின் பாரம் உள்ளங்கைக்கு வந்துசேர்ந்தது. மணிக்கட்டில் சுண்டுவிரற்பக்கமாக நரம்பு செல்லும் குறுகிய வழியை 1861இல் கூயோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் விளக்கினார். மிதிவண்டியால் அந்நரம்பு தளர்வதை 1896இல் டெஸ்டோ என்பார் எழுதினார். கைப்பிடி அவ்விடத்தை அழுத்துவதே காரணம்.

நம் பாட்டனார் காலத்து வண்டியில் கைப்பிடி ஓட்டுபவரை நோக்கி வளைந்திருக்கும், நிமிர்ந்து அமரலாம். 1970களில் கலிபோர்னியாவில் பிறந்த மலைமிதிவண்டிக்கோ, நாளடைவில் கைப்பிடி ஏறக்குறைய நேர்கோடாயிற்று, முன்னே குனியவேண்டும். இளைஞர் அதையே விரும்புகின்றனர். எனக்கு வளைந்ததே பிடிக்கும், அது கிடக்கட்டும்.

செய்யவேண்டுவது யாது? இருக்கையின் முனை கீழ்நோக்கியிருந்தால் மட்டமாக்குக. இல்லையேல் உடல் கைமேல் சரியும். தண்டு மேலேறும் வகையாயின் கைப்பிடியைச் சற்றே உயர்த்துக. தண்டிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியலாகாது. மணிக்கட்டு மடங்காது நேராக நிற்கும்படி பிரேக் பிடிகளைத் திருப்பியமைத்துத் திருகுகளை இறுக்குக. இறங்கி நெடுநேரமாகியும் மரப்பு நீங்காவிடின் மருத்துவரிடம் காட்டவேண்டும்.