மணிக்கணக்கில் வராத பதவி: ஈராசிரியர் பள்ளியில் தலைமையும் கற்பித்தலும்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நேரத்தைக் கணக்குப் பார்க்கும் சட்டம். முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி என்று அதன் அட்டவணை வரையறுக்கிறது. ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை. பாடத்துக்கு ஆயத்தம் செய்யும் நேரமும் அதில் அடக்கம். வீட்டில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதுவதும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது சிறிய விஷயமன்று. ஆனால் தலைமை ஆசிரியரைப் பற்றிப் பேச வரும்போது அதே அட்டவணை மணியை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணத் தொடங்குகிறது. தொடக்கநிலையில் சேர்க்கை 150-ஐத் தாண்டினால், உயர் தொடக்கநிலையில் 100-ஐத் தாண்டினால், முழுநேரத் தலைமை ஆசிரியர். அதற்குக் கீழே இருக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பற்றி அட்டவணையில் ஒரு சொல்லும் இல்லை.

தமிழ்நாட்டின் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கின்றன. அங்கே தலைமை ஆசிரியருக்குப் பதவி உண்டு, முத்திரை உண்டு, பதில் சொல்லும் கடமையும் உண்டு. அந்தக் கடமையைச் செய்ய ஒதுக்கப்பட்ட நேரம் மட்டும் இல்லை. பள்ளித் தலைமை குறித்த பேச்சு இன்று பெரும்பாலும் தனிமனிதரின் ஆற்றலைச் சுற்றியே நடக்கிறது. தில்லியில் 2012-இல் தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையம் அமைக்கப்பட்ட பிறகு ‘தொலைநோக்கு’, ‘குழுவை உருவாக்குதல்’, ‘மாற்றத்தை வழிநடத்தல்’ முதலான தலைப்புகளில் பயிற்சிகள் பெருகியிருக்கின்றன. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சிக்கல் திறமைக் குறைவில் தொடங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கற்பித்தலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை படிப்படியாகப் பள்ளியை விட்டு மேலே போய்விட்டது. முடிவின் விளைவுக்குப் பொறுப்பேற்பது மட்டும் பள்ளியிலேயே தங்கிவிட்டது. நேரமும் உரிமையும் இல்லாதவருக்குத் தலைமைப் பண்பு குறித்து எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அதைப் பயன்படுத்த இடமில்லை.

ஈராசிரியர் பள்ளி வறுமையின் அடையாளமாக வந்ததன்று. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் வேண்டும் என்றது. ஓராசிரியர் பள்ளிகள் நிறைந்திருந்த நாட்டில் அது பெரிய முன்னேற்றம். பின்னர் வந்த கல்வி உரிமைச் சட்டம் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று வரையறுத்தது. இடையில் பிறப்பு விகிதம் குறைந்தது; ஆங்கிலவழித் தனியார் பள்ளியின் வேன் ஊர்த் தெருவரைக்கும் வந்தது; சேர்க்கை சரிந்தது. குறைந்தபட்சம் இவ்வளவாவது என்று வகுத்தது, இதற்குமேல் கிடையாது என்னும் உச்சவரம்பாக மாறிப்போனது.

அத்தகைய பள்ளி ஒன்றின் முற்பகலைப் பார்க்கலாம். ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறையில் உதவி ஆசிரியரிடம். நான்கும் ஐந்தும் மற்றோர் அறையில் தலைமை ஆசிரியரிடம். இரண்டு வகுப்பு, ஐந்து பாடம். ஆக அவர் கையில் பத்துப் பாடங்கள். காலை உணவு முடிந்து, இறைவணக்கம் முடிந்து, செயலியில் வருகைப் பதிவு. இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும். கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி அவர் வேப்பமரத்தடிக்குப் போவார். திரும்பி வந்து ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, நான்காம் வகுப்பை வாசிக்கச் சொல்லி உட்காரும்போது சத்துணவுக்கு எத்தனை பேர் என்று கேட்டு ஆள் வரும். ஆதாரில் எழுத்துப் பிழை, பிறந்த தேதி மாற்றம் என்று ஒரு தாய் வாசலில் நிற்பார். ஊக்கத்தொகைக்கு மாணவியின் வங்கிக் கணக்கு எண் வேண்டும். அந்தக் கணக்கு இயங்கவில்லை என்று திருப்பியனுப்பியிருப்பார்கள். சீருடையும் காலணியும் வந்திறங்கிய இடம் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால். யார் போய் எடுத்து வருவது? இதற்கிடையே வட்டாரக் குழுவில் வாட்ஸ்அப் செய்தி: ‘மிக அவசரம், பிற்பகல் 2 மணிக்குள்.’ கேட்கும் விவரம் போன மாதம் கொடுத்ததாகவே இருக்கும். பின்னக் கணக்கில் பகுதிகள் ஒரே எண்ணாக இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட குழந்தை, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடையை எழுதி முடித்திருக்கும். நோட்டைத் திருத்தும்போது விடை சரியாகவே இருப்பதால் அது புரியாமல் எழுதியது என்பதும் யாருக்கும் தெரியாது.

இவற்றில் எதுவும் தேவையற்ற வேலை என்று சொல்ல முடியாது என்பதுதான் இதன் சங்கடம். உணவு வேண்டும், ஊக்கத்தொகை வேண்டும், ஆதாரில் பெயர் சரியாக வேண்டும். சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர மற்ற கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மேலே சொன்ன வேலைகளெல்லாம் ‘கல்வி சார்ந்தவை’ என்ற பெயரில் அந்தத் தடையைக் கடந்துவிடுகின்றன. விலக்கு அளிக்கப்பட்ட பணியும் இலேசானதன்று. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் படிவத்தோடு வீடுவீடாக அலைந்தவர்களில் ஆசிரியர்கள் ஏராளம்.

நேரத்தைவிட உரிமையின் கதை நுட்பமானது. செயல்வழிக் கற்றல் அதற்கு நல்ல சான்று. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியில் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் அது தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் வளர்ந்த முறையே அதற்கு மூலம். ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவந்து அட்டைகளை உருவாக்கினார்கள். தரையில் பாய், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் பிள்ளைகளின் படைப்புகள், சின்னம் பொறித்த அட்டைகள், ஒவ்வொரு குழந்தையும் தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தானே பார்த்துக்கொள்ளும் ஏணி. பல வகுப்புப் பிள்ளைகள் ஓரறையில் இருக்கும் பள்ளிக்கென்றே பிறந்ததுபோன்ற முறை அது. ஒரு குழந்தை நான்கு நாள் வராமல் போனாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம்.

2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. வந்தபோது ஆணையாக வந்தது. சென்னையில் ஆசிரியர் கூடிப் பேசிச் செய்த அட்டை, மற்ற மாவட்டங்களில் பெட்டியில் வந்திறங்கிய பொருள். அட்டை கிழிந்தால், தொலைந்தால், ஏணியில் ஒரு படி காணாமல் போகும். தானே ஒன்றை எழுதிச் சேர்க்கலாமா என்று கேட்கவும் பலருக்குத் துணிவில்லை. பார்வையிட வந்தவர்கள் ஏணியில் குறியிட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். குழந்தை ஏன் அந்தப் படியிலேயே நிற்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. பிறகு பாடநூல் மீண்டும் மையத்துக்கு வந்தது. 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. பெருந்தொற்றின் கற்றல் இழப்பை அடுத்து 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் அதன் அடிப்படைச் சிந்தனை சரியானதே. எட்டு வயதுக்குள் எழுத்தறிவும் எண்ணறிவும் என்ற இலக்கோடும் யாருக்கும் சண்டையில்லை. ஆனால் மூன்று முறைகளுக்கும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூன்றும் குறித்த தேதியில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே வடிவில் வந்தன; ஒன்றன் இடத்துக்கு மற்றொன்று வந்தபோதும், முந்தையதில் எந்தப் பகுதி தன் பள்ளியில் பலன் தந்தது என்று தலைமை ஆசிரியர் சொல்ல வாய்ப்பிருக்கவில்லை. பாய்களைச் சுருட்டி வைத்த ஆசிரியரே மறுபடியும் குழுவாக உட்கார வைக்கும் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். முன்னதில் அவர் கற்றது என்ன என்று அங்கே ஓர் அமர்வாவது இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தலைமை ஆசிரியரின் விருப்பத்துக்கு விட்டுவைத்திருந்த காலம் பொற்காலமா? சேர்க்கைப் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகளின் பெயர் இருந்ததும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை யாரும் தேடாததும் அந்தக் காலத்தில்தானே. கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண் கொடுத்த பிறகே இடைநின்றவரைப் பெயர் சொல்லித் தேட முடிந்தது. சாதி விஷயத்தில் இது இன்னும் கடுமை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில், ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராக அமர்த்துவது குறித்தும் கேள்வி எழுப்பியது. பள்ளிக்குத் தன்னாட்சி என்று நாம் பேசும்போது, அந்த ஆட்சி யார் கையில் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது எதற்குப் பொருந்துகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் உரிமை சார்ந்தவற்றில் – சேர்க்கை, வருகை, உணவு, பாகுபாடின்மை – பள்ளிக்கு விருப்புரிமை கூடாது. மேலிருந்து ஒரு கண் வேண்டும். கற்பிக்கும் வழியில் அந்தக் கண்ணுக்கு வேலையில்லை. இன்றைய அமைப்பு இரண்டையும் ஒரே செயலிக்குள் ஏற்றிவிட்டது. வருகையைப் பதிவதுபோலவே வளரறி மதிப்பீட்டையும் பதிய வேண்டியிருப்பதால், மதிப்பீடு என்பது குழந்தை எங்கே தடுக்கி நிற்கிறது என்று அறியும் செயலாக இல்லாமல், கெடு தேதிக்குள் ஏற்றிவிட வேண்டிய சுமையாகிறது. பின்னத்தில் மாட்டிக்கொண்ட அந்தக் குழந்தை செயலியில் ‘அடைந்தது’ என்று ஏறிவிடும்.

முழுநேரத் தலைமை ஆசிரியர் உள்ள உயர்நிலைப் பள்ளியில் நிலைமை நேராகிவிடுகிறதா என்றால் அதுவுமில்லை. அங்கே அவருக்கு நேரமிருக்கிறது; ஆனால் அவரை அளக்கும் கோல் ஒன்றே ஒன்று, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம். மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர், பள்ளியின் திறமையான கணக்கு ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்கே ஒதுக்குவார். ஏழாம் வகுப்புக்கு இருப்பவர் போவார். ‘மெல்லக் கற்போர்’ கையில் சில வினாக்களுக்கான விடைத் தொகுப்பு மட்டும் தரப்படும். இதை அவருடைய குறுகிய பார்வை என்று சொல்வது எளிது. அவரிடம் கேட்கப்படும் கேள்விக்கு அவர் தரும் சரியான விடை இது.

பதவி உயர்வின் வழியும் இப்போது அடைபட்டிருக்கிறது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்றது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர் அனைவரும் இரண்டாண்டுக்குள் அத்தேர்வில் தேற வேண்டும் என்றும், அதற்குக் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி தேவை என்றும் தீர்ப்பளித்தது. தகுதித் தேர்வே வராத காலத்தில் முறையாக நியமனம் பெற்றவர்கள் இவர்கள். நீதிமன்றத்தின் தர்க்கத்தை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமல் இருக்கலாம். பள்ளியில் அதன் விளைவு ‘பொறுப்புத் தலைமை ஆசிரியர்’. பதவியும் இல்லாமல், அதற்குரிய ஊதியமும் இல்லாமல், முத்திரையை மட்டும் கையில் வைத்திருப்பவர். எந்நேரமும் வேறொருவர் வரலாம் என்றிருக்கும் நாற்காலியில் இருப்பவர் மூன்றாண்டுத் திட்டம் போடமாட்டார்.

என்ன செய்யலாம்? அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவள மையம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தரும், அதன் பள்ளிகளுக்குச் சுழற்சியில் செல்லும் ஓர் ஆசிரியரும் இருந்தால், சிறு பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு நாள் வகுப்பிலிருந்து விடுப்பு கிடைக்கும். அந்த நாளில் அவர் உதவி ஆசிரியரின் அறையில் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்க்கலாம். இன்று அவருக்கு எட்டாத ஒரே தலைமைப் பணி அதுதான். இதைப் பள்ளி மானியத்தில் சமாளித்துக்கொள் என்று சொல்ல முடியாது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தரும் மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். சுண்ணாம்புக்கும் கழிப்பறைத் தூய்மைக்குமே அது போதாது. அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. ஆகவே செலவு மாநிலத்தின் தலையில்தான் விழும் என்பதை மறைக்கத் தேவையில்லை.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வரும்போது நிரப்பும் படிவத்தில், கையேட்டில் உள்ளபடி பாடம் நடந்ததா என்ற கேள்விக்குப் பதிலாக, கையேட்டிலிருந்து எதை மாற்றினீர்கள், ஏன் என்று கேட்கலாம். இலக்கை மாநிலம் வைக்கட்டும். வழியைப் பள்ளி எழுதட்டும். முதல் ஆண்டில் பெரும்பாலான பள்ளிகள் ‘மாற்றம் இல்லை’ என்றே எழுதித் தரும். மாற்றினேன் என்று எழுதியவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் எழுதுவார்கள். எனவே அந்தப் படிவம் வட்டாரக் கல்வி அலுவலரின் மீளாய்வுக் கோப்புக்குப் போகாமல், குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களே வாசித்து விவாதிக்கும் தாளாக இருக்க வேண்டும் என்பது இந்த யோசனையின் முதல் நிபந்தனை.