பழசி ராஜாவின் கடைசி நாட்கள்



நான் மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்து பிழைக்கிறவன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். சரித்திரம் என்பது கடை மூடிய பிறகு நானாகப் படித்துக்கொண்டதுதான். குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கொள்முதலுக்கு வயநாடு போகும்போதெல்லாம் சுல்தான் பத்தேரி சமணக் கோயிலைப் பார்க்காமல் திரும்பமாட்டேன். திப்புவின் படை வெடிமருந்து வைத்திருந்த கோயில் அது. அதைப் பற்றி விசாரிக்கப் போய்த்தான் பழசி ராஜா மேல் எனக்கு ஈடுபாடு வந்தது.

கேரளவர்மா பழசி ராஜா வடமலபார்க் கோட்டயம் அரச குடும்பத்தவர். தெற்கே உள்ள கோட்டயம் வேறு. திப்புவுக்கு எதிராகக் கம்பெனியோடு நின்றவர்தான். ஆனால் 1792-ல் மலபார் கைக்கு வந்ததும், கம்பெனி வரிவசூலை அவர் மாமன் குறும்ப்ரநாட்டு ராஜாவிடம் கொடுத்துவிட்டது. மிளகு விளையும் மண்ணும் மலைக் கணவாயும் யார் கையில் என்பதுதான் வழக்கு. சண்டை மூண்டது. 1802 அக்டோபரில் எடச்சேன குங்கனும் தலக்கல் சந்துவும் குறிச்சிய வில்வீரர்களோடு பனமரம் கோட்டையைப் பிடித்தார்கள். குங்கனாகச் சரத்குமார் நடித்த 2009-ஆம் வருஷப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

1804-ல் சப்-கலெக்டர் தாமஸ் ஹார்வி பேபர் வந்தார். அவர் பீரங்கியை மட்டும் நம்பவில்லை. தலைக்கு விலை வைத்தார். மலைக்கு அரிசி போகும் வழியை அடைத்தார். ஊர்க்காரர்களைக் கொண்டே ஒற்றறிந்தார். தலக்கல் சந்து பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். ராஜா புல்பள்ளிக் காட்டுக்குள் ஒதுங்கினார்.

1805 நவம்பர் 30. மாவிலாத்தோட்டங்கரையில் பேபரின் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். எதிரே வழிமறித்தவர் கம்பெனிச் சிப்பந்தி கணார மேனன். ராஜா துப்பாக்கியை அவர் மார்பில் வைத்து, "கிட்டே வராதே" என்ற பாவனையில் அதட்டியதாகப் பேபரின் கடிதம் சொல்கிறது. அந்தக் கைகலப்பில் ராஜா உயிர் போனது. வைர மோதிரத்தை விழுங்கி இறந்தார் என்று ஜனங்கள் சொல்வார்கள். கடிதத்தில் அது இல்லை. என்றாலும், அவர் எதிரியிடம் பிடிபடவில்லை என்று நினைக்கத்தான் ஜனங்களுக்கு ஆசை; அதையும் ஒரு சாட்சியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனசை உலுக்கியது. பேபர் தன் சொந்தப் பல்லக்கிலேயே ராஜாவின் உடலை ஏற்றினார். நோயில் வாடிய ராணிக்குக் கேப்டன் கிளாப்ஹாமின் பல்லக்கு. மறுநாள் மானந்தவாடியில் முறைப்படி சடங்கு நடக்க உத்தரவு. ஜனங்கள் அவர்மேல் வைத்த மரியாதை சாவாலும் அழியாது என்று பேபரே எழுதினார்.

85 வருஷம் கழித்து, 1890 டிசம்பர் 15-ல், அமெரிக்காவில் லகோட்டா மக்களின் தலைவர் சிட்டிங் புல்லைக் கைது செய்யப் போனார்கள். அவரைச் சுட்டவர்கள் அவர் இனத்துப் போலீஸ்காரர்களே. நம்ம கட்டபொம்மனையும் 1799-ல் புதுக்கோட்டைச் சீமையில்தானே பிடித்துக் கொடுத்தார்கள்! கடல் வேறு, கதை ஒன்று. அந்நியன் தனியாக வந்து ஜெயித்ததாக எங்கேயும் இல்லை.

இன்றும் மிளகு மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளும்போது இது ஞாபகம் வரும். இதன் விலையில் அந்தக் காட்டு ஜனங்களின் ரத்தமும் ஒரு காலத்தில் கணக்கில் ஏறியது. வயநாட்டுக்கு உல்லாசமாகப் போகிறவர்கள், பிள்ளைகளை மானந்தவாடியிலுள்ள அவர் சமாதிக்கும் கூட்டிப் போங்கள். சோறு போடுகிற ஊரின் துக்கத்தையும் தெரிந்துகொள்வது நம் கடமை.