ஒரு தேதிக்கு ஒரு நிறம்: மன்னார் வளைகுடா வானமும் சிமுலேட்டர் ரீபெயிண்டும்

1. எல்லை

தூத்துக்குடியின் வரலாற்றைக் கடலை வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். முத்து, பரதவர், டச்சுக்காரர், உப்பளம், வ.உ.சி.யின் கப்பல் என்று வரிசை போகும். வானம் அதில் வராது. ஆனால் 1942 ஏப்ரலில் இந்தக் கரைக்கு எதிரே, ஓரிரவுக் கப்பல் பயணத் தொலைவில் இருந்த கொழும்பின் மீது குண்டு விழுந்தது. அதற்கு முந்தைய நாள் அந்தத் தாக்குதலை முன்கூட்டியே கண்டு சொன்னது ஒரு பறக்கும் படகு.

ஃபிளைட் சிமுலேட்டரில் இத்தகைய விமானங்களுக்கு வரலாற்று நிறம் கொடுப்பதை ரீபெயிண்ட் என்கிறார்கள். அதை அழகுவேலையாக நினைப்பவர்களே அதிகம். என் வாதம் வேறு: ரீபெயிண்ட் என்பது தேதியிட்ட ஒரு வரலாற்றுக் கூற்று. வட்டச் சின்னம், எழுத்துகள், அழுக்கு, கீழே தெரியும் நிலம் ஆகிய எல்லாமும் ஒரே நாளுக்குச் சம்மதிக்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் கூற்று பொய்யாகிவிடும்.

2. எடுத்துக்காட்டு: ஏ.ஜே.155

கனடா விமானப் படையின் 413-ஆம் ஸ்குவாட்ரன் 1942-இல் இலங்கையின் தென்கோடியில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரிக்கு வந்தது. லியனார்ட் பர்ச்சல் ஓட்டிய காடலினா என்ற பறக்கும் படகு ஏப்ரல் 4-ஆம் தேதி இலங்கைக்குத் தெற்கே ரோந்து போனபோது ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோ விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. உயிர் தப்பியவர்கள் சிறைப்பட்டார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. ஆனால் எச்சரிக்கை கிடைத்திருந்தது.

அந்தக் காடலினாவின் வரிசை எண் ஏ.ஜே.155, குறியீடு க்யூ.எல்.-ஏ. இவ்வளவு துல்லியமான தகவல் கையில் இருக்கும்போது வேலை எளிது என்றுதான் தோன்றும். முதல் தடை நிறத்தில் வருவதில்லை, உருவத்தில் வருகிறது. ஏ.ஜே.155 சக்கரமில்லாத சுத்தமான பறக்கும் படகு. சிமுலேட்டர்களில் கிடைக்கும் காடலினா மாதிரிகளோ பெரும்பாலும் நிலத்திலும் இறங்கக்கூடிய பிந்தைய வகை. உடலின் இரு பக்கமும் சக்கரம் மடங்கும் குழி தெரியும். ரீபெயிண்ட் தோலை மாற்றும், எலும்பை மாற்றாது. குழியை நிறத்தால் மறைக்க முயல்வோர் உண்டு. பக்கவாட்டு வெயிலில் நிழல் விழுந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படிப்பட்ட மாதிரியில் ஏ.ஜே.155 என்று எழுதாமல் விடுவதே நேர்மை என்பது என் கருத்து. அது மூவர் இறந்த விமானத்தின் எண்.

இரண்டாவது தடை டெக்ஸ்சர் விரிப்பில் இருக்கிறது. விமானத்தின் மேற்பரப்பைக் கழற்றித் தட்டையாக விரித்த படத்தின் மேல்தான் வரைகிறோம். பழைய மாதிரிகள் சிலவற்றில் நினைவகத்தை மிச்சப்படுத்த இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்தியிருப்பார்கள். வட்டமும் பட்டையும் அதில் சிக்கலின்றி வரும். எழுத்து வராது: ஒரு பக்கத்தில் சரியாக நிற்கும் க்யூ, மறுபக்கத்தில் கண்ணாடியில் பார்த்தது போல் வால் இடம் மாறித் தெரியும். எழுத்தே இல்லாத போர் விமானங்கள் பழைய சிமுலேட்டர்களில் அத்தனை பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

3. சான்றும் காலமும்

வரிசை எண்ணோ நாளோ தெரியாத புகைப்படத்துக்கு வட்டச் சின்னமே நாட்காட்டி. பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவில் சிவப்பு இருக்கும். ஜப்பானியச் சின்னமும் சிவப்பு வட்டம்தான். பதற்றத்தில் இருக்கும் பீரங்கிக்காரனுக்கு இரண்டுக்கும் வேறுபாடு புலப்படாது. எனவே 1943-இன் நடுவில் இந்தியா, பர்மா, இலங்கைப் பகுதிகளில் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று மாற்றினார்கள். வெறும் வெள்ளை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் வெள்ளையில் நீலம் கலந்த நிறம் அது. ஆக, இந்தப் பகுதி விமானத்தில் நடுச்சிவப்பு இருந்தால் படம் அதற்கு முந்தையது என்று கொள்ள இடமுண்டு. போரின் கடைசிக் கட்டத்தில் சண்டை விமானங்களின் இறக்கையிலும் வாலிலும் அடையாளப் பட்டைகள் சேர்ந்தன: கரும்பூச்சின் மேல் வெள்ளை, பூச்சில்லாத உலோகத்தின் மேல் கருமை. தொலைவிலிருந்து பார்ப்பவன் நம்மவரை அறிய வேண்டும் என்ற இதே தேவைதான் இன்று தூத்துக்குடி விசைப்படகின் பக்கத்தில் ஐ.என்.டி.-டி.என். என்று தொடங்கும் எண்ணை எழுத வைக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் இந்திய விமானங்கள் சில காலம் அசோகச் சக்கரம் தாங்கின. காவி, வெள்ளை, பச்சை வட்டம் 1950-இல் வந்தது. 1948 காஷ்மீர்ப் போரின் டெம்பெஸ்ட் சண்டை விமானத்துக்கு மூவர்ண வட்டம் போட்ட ரீபெயிண்டைப் பார்த்தால், தேசபக்தி மட்டும் தெரிகிறது, படிப்பு தெரியவில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை ஊகிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அக்காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு உறைக்காது. சிவப்பும் மஞ்சளும் கருத்தும், நீலம் வெளிறியும் பதியும். அந்தப் பிலிமில் வட்டத்தின் வெளி மஞ்சள் வளையம் கறுப்பு விளிம்பாகத் தெரியும். அதை நம்பிக் கறுப்பு வளையம் வரைந்தவர்கள் இருக்கிறார்கள். எது என்ன பிலிம் என்று அறிய, ஏற்கெனவே நிறம் தெரிந்த ஒன்றை அதே படத்தில் தேட வேண்டும். வட்டத்தின் நீலம் அதன் நடுச்சிவப்பைவிட மிக வெளிறியிருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

4. பொருளின் தன்மை

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் தன்னார்வப் பைலட்டுகளைக் கொண்டு கடலோரக் காவல் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அவர்களுக்குக் கிடைத்தவற்றில் வபிட்டி என்ற பழைய இருதட்டு விமானமும் ஒன்று. தென்முனைக் கடலுக்கு இந்தியத் தரப்பில் மிக அருகே இருந்தது கொச்சிப் பிரிவு.

வபிட்டிக்கு வெள்ளி நிறம். இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். இன்றைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் நிறத்துக்கு ஒரு படம் இருக்கும். அதோடு சேர்க்கைப் படம் என்று இன்னொன்று. அதன் சிவப்பு வழியில் (சேனலில்) இடுக்கு நிழல், பச்சையில் சொரசொரப்பு, நீலத்தில் உலோகத்தன்மை. வெள்ளி என்றதும் நீல வழியை முழுதாக ஏற்றிவிட்டால் விமானம் எவர்சில்வர் தம்ளர் போல் மின்னும். வபிட்டியின் இறக்கை துணி. அதன் மேல் பூசியது அலுமினியத் தூள் கலந்த பூச்சு. உலோகத்தன்மையைத் தணித்து, சொரசொரப்பைக் கூட்டி, துணியின் அடியில் விலா எலும்புகள் லேசாகத் தெரியுமாறு மேடுபள்ளப் படத்தில் காட்டினால்தான் துணி துணியாக இருக்கும். எஞ்சினைச் சுற்றிய தகடுகள் மெய்யான உலோகம்.

அழுக்கும் இடத்தைப் பொறுத்தது. பாலைவன விமானத்தின் தேய்மானத்தை அப்படியே எடுத்துப் பறக்கும் படகில் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. நீரில் நிற்கும் காடலினாவுக்கு மணல் உரசல் ஏன்? அதற்கு உரியது நீர்க்கோட்டில் படியும் கறை, ஆணித்தலைகளிலிருந்து கீழிறங்கும் உப்பரிப்பு, எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய்ப் புகை. உப்புக் காற்று இரும்புக் கேட்டை என்ன செய்யும் என்பதைத் தூத்துக்குடிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கோப்பு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரான எஃப்.எஸ்.எக்ஸில் டி.டி.எஸ். வகைப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சேமிக்க வேண்டும். புதிய சிமுலேட்டரில் ஒவ்வொரு கோப்பும் லேஅவுட் பட்டியலில் இருக்க வேண்டும். விடுபட்ட கோப்பை அது கண்டுகொள்ளாது.

5. நிலத்தின் சாட்சி

விமானம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1942-இன் காடலினாவைத் தூத்துக்குடி மேல் பறக்கவிட்டால் கீழே என்ன தெரிகிறது? இன்றைய செயற்கைக்கோள் படம். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், வாகைக்குளம் ஓடுபாதை. எதுவும் அந்த விமானியின் கண்ணில் பட்டிருக்க முடியாது. மாறாக, அவன் பார்த்திருக்கக்கூடிய இரண்டு தீவுகள் இப்போது இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தனுஷ்கோடி அப்போது ரயில் வந்து போகும் ஊர். 1964 டிசம்பர்ப் புயல் வரை அது அப்படித்தான் இருந்தது.

சுதந்திர இந்தியக் கடற்படையின் முதல் விமானமான ஷார்ட் சீலேண்ட் 1953-இல் கொச்சி வந்தது. நீரிலும் நிலத்திலும் இறங்கும் இரட்டை எஞ்சின் விமானம். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. எனவே முத்துப் பார்களின் மேல் மூவர்ண வட்டத்தோடு ஒரு சீலேண்டை அமைப்பது காலத்தோடு முரண்படாது. கீழே வள்ளங்கள் நிற்கலாம், தீவுகளும் இருக்கலாம். அதே வள்ளங்களுக்கு மேல் பிந்தைய ஐலேண்டர் விமானத்தைப் பறக்கவிட்டால் காலம் இடிக்கும்: கடற்படைக்கு ஐலேண்டர் கிடைத்தது 1976-இல். முத்துக்குளிப்பு நின்று பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. தூத்துக்குடி ஆய்வாளர்கள் 1973-இலேயே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியிருந்தார்கள்.

6. குறிப்புரை

ரீபெயிண்டோடு போகும் விளக்கக் கோப்பில் இப்போது நிறுவும் முறையும் நன்றியும் மட்டுமே இருக்கின்றன. அதில் இன்னும் மூன்று வரிகள் வேண்டும் என்பது என் பரிந்துரை: இது எந்த நாளின் விமானம், எந்தெந்தப் பகுதி புகைப்படத்தில் உள்ளது, எது அக்கால நிறப்பூச்சு ஆணையிலிருந்து ஊகித்தது. ஏ.ஜே.155 போன்ற எண்ணாக இருந்தால் நான்காவதாக ஒன்று: மாதிரியின் உருவம் அந்த விமானத்திலிருந்து எங்கே விலகுகிறது. பதிவிறக்கம் செய்பவர்களில் பலர் அதைப் படிக்காமலே பறக்கக் கிளம்புவார்கள். அடுத்து அதே விமானத்துக்கு வேறு நிறம் கொடுக்க உட்காருபவர் படிப்பார்.