ஆபீஸ் இ-மெயிலில் சொந்தக் கதை... யார் யார் பார்க்கலாம்?

அரசு ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இ-மெயிலிலும் ஊழியர் எழுதும் சொந்த விஷயத்தை மேலதிகாரி படிக்கலாமா? வெளியாள் கேட்டால் கொடுக்கணுமா? அமெரிக்காவில் 2010-ம் ஆண்டு 2 கோர்ட்டுகள் இதற்கு பதில் சொல்லின.

போலீஸ்காரர் பேஜர்

கலிபோர்னியா மாநிலம் ஒன்டாரியோ நகர நிர்வாகம் போலீசாருக்கு 2001-ல் பேஜர் கொடுத்தது. அதில் போகும் மெசேஜும் ஆபீஸ் இ-மெயில் மாதிரிதான், சோதனை போடுவோம் என்று எச்சரித்தது. ஆனால் ஒரு அதிகாரி, கூடுதல் கட்டணத்தை கையில் இருந்து கட்டிவிட்டால் பார்க்க மாட்டோம் என்று வாய்வார்த்தையாக சொல்லி வைத்தார்.

கட்டணம் எகிறிக்கொண்டே போனதால் 2002-ல் மெசேஜ்களை எடுத்துப் பார்த்தனர். ஒரு சார்ஜெண்டுக்கு ஆகஸ்டு மாத பணி நேரத்தில் மட்டும் 456 மெசேஜ். வேலை சம்பந்தப்பட்டது 57-க்கு மேல் இல்லை. சிலது ஆபாசம்!

அவர் வழக்கு போட்டார். கட்டண வரம்பு போதுமா என்று பார்க்கத்தான் சோதனை, பணி நேரம் அல்லாத மெசேஜ்களை மறைத்தே விசாரித்தனர், எனவே தவறில்லை என்று ஜூன் 17-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒருமனதாக தீர்ப்பளித்தது.

ஆசிரியர்கள் ஜெயித்தனர்

விஸ்கான்சின் மாநிலத்தில் 5 ஆசிரியர்களின் இ-மெயில்களை ஒருவர் 2007-ல் தகவல் சட்டப்படி கேட்டார். அரசு வேலைக்கு சம்பந்தமே இல்லாத சொந்த மெயில் அரசு ஆவணம் ஆகாது, வெளியாளுக்கு கொடுக்க வேண்டாம் என்று 2010 ஜூலையில் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

ஆனால் ஆபீஸ் நிர்வாகம் கண்காணிக்க இந்த தீர்ப்பு தடை போடவில்லை. வாய்வார்த்தையை நம்பாமல், எழுத்தில் உள்ள விதியை படித்துவிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் கை வைப்பதே நல்லது.