புத்தகத்தோடு எழுதிய பரீட்சை

மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையோரம் உள்ள அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டம். 1972இல் இங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் வகுப்பின் போக்கே மாறியது. கிஷோர் பாரதி என்ற தொண்டு அமைப்பும் ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் அரசின் இசைவோடு தொடங்கிய முயற்சி இது. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு வேலை செய்தார்கள்.

பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து சோதனை செய்தார்கள். 'பால் வைக்ஞானிக்' என்ற பாடநூலில் கேள்விகள் இருந்தன, விடைகள் இல்லை. செய்து பார்த்துக் கண்டதை அவரவர்தான் நோட்டில் எழுத வேண்டும். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டுமா? வேலியோரத்துக் கருவேல முள் போதும்.

1978இல், டெல்கோ நிறுவன வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார் ஐஐடி பொறியாளர் அரவிந்த் குப்தா. சைக்கிள் வால்டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, தீக்குச்சிகளை அதில் செருகி உருவங்கள் செய்தார். முக்கோணத்தை எப்படி அமுக்கினாலும் கோணம் மாறாது. சதுரமோ லேசாகத் தொட்டாலே ஒரு பக்கமாகச் சாயும். பாலத்திலும் கூரைச் சட்டத்திலும் முக்கோணங்கள் ஏன் என்று விளக்கப் பிறகு யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

ஆனால் இந்தத் திட்டத்தின் பெரிய துணிச்சல் பரீட்சையில்தான் இருந்தது. பாடநூலையும் நோட்டையும் கையோடு கொண்டுபோய் எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு மதிப்பெண் கிடைக்கிற வரையில் எந்த ஆசிரியர்தான் யோசிக்கக் கற்றுக்கொடுக்க நேரம் ஒதுக்குவார்? அந்த முடிச்சை அவிழ்த்ததால்தான் இந்தத் திட்டம் நிலைத்தது. பிள்ளைகளின் கேள்விகளும் வகுப்பறையோடு நிற்கவில்லை. 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் போட்டுக் கேட்டார்கள், பதிலும் வந்தது.

1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்த திட்டத்தை, 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு ஏற்று நடத்தியது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது.

2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடநூலே போதும் என்பது முடிவு. நாடெங்குமிருந்து கல்வியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே, அரசு ஆசிரியர்களைக் கொண்டே நடந்த ஒன்றை இப்படிக் கைவிட்டது பெரும் இழப்பு. ஏகலவ்யா 1985இல் சிறுவர்களுக்காகத் தொடங்கிய 'சக்மக்' இதழ் அதன் பிறகும் தொடர்ந்து வெளிவந்தது.